நிஷி-ஃபுனாபாஷியில் தொலையாமல் ரயில் மாறுவது எப்படி?

டோக்கியோவுக்கு வேலைக்காக வரும் தமிழ்க் குடும்பங்களில் பல, தோசாய் ரயில் வழித்தடத்தை ஒட்டித்தான் வீடு பார்க்கின்றன. நிஷி-கசாயில் இந்தியர்கள் நிறைய. அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் கியோதொகு, மியோதென் என்று கிழக்கே நகர்வார்கள். அந்த வழித்தடத்தின் கிழக்கு முனைதான் நிஷி-ஃபுனாபாஷி. ஃபுனாபாஷி நகரத்தில், சிபா மாகாணத்தில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக நிஷிஃபுனா என்பார்கள்.

இந்த நிலையத்தில் புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் திசையில் அல்ல. சரியான திசையில் போகும் தவறான வண்டியில் ஏறிவிடுகிறார்கள். நானும் முதல் வாரத்தில் நிஷி-கசாய்க்குப் போக வேண்டி, முதலில் வந்து நின்ற வண்டியில் ஏறினேன். நான் இறங்க வேண்டிய நிலையம் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்தது. கைக்குழந்தையோடு அப்படி ஒரு தவறு நடந்தால் எவ்வளவு பதற்றம் என்று யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலையத்தின் அமைப்பு

இங்கே ஐந்து வழித்தடங்கள் சேர்கின்றன. அவற்றை நடத்துவது மூன்று நிறுவனங்கள். சோபு, முசாஷினோ, கெய்யோ மூன்றும் ஜேஆர் கிழக்கு நிறுவனத்துடையவை. தோசாய், டோக்கியோ மெட்ரோவுடையது. தோயோ ரேபிட் ஒரு தனி நிறுவனம்.

இந்த நிலையத்தை யாரும் ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டவில்லை. 1958-ல் சோபு தடத்தில் ஒரு சாதாரண நிலையமாகத் திறந்தார்கள். சோபு தடத்தில் நெரிசல் தாங்காமல், அதற்கு மாற்றாகத் தோசாய் தடம் 1969-ல் இங்கே வந்து சேர்ந்தது. 1978-ல் முசாஷினோ, 1986-ல் கெய்யோ, 1996-ல் தோயோ ரேபிட். ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற இவ்வளவு படிகளும் திருப்பங்களும்.

நடைமேடை எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1 முதல் 4 வரை சோபு. 5 முதல் 8 வரை தோசாயும் தோயோ ரேபிட்டும். 9 முதல் 12 வரை முசாஷினோவும் கெய்யோவும். கடைசியாகச் சொன்னவை உயரமான பாலத்தின் மேல், மற்ற தடங்களைக் குறுக்கே கடந்து போகின்றன. ஆகவே ஒன்பதோ அதற்கு மேற்பட்ட எண்ணோ என்றால் மேலே ஏற வேண்டும். பெட்டியும் தள்ளுவண்டியும் இருந்தால் லிஃப்ட் தேட ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஜப்பானிய எழுத்து தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆங்கில எழுத்தோடு ஓர் எண் உண்டு, எல்லாப் பலகையிலும் இருக்கும். தோசாயில் நிஷி-ஃபுனாபாஷி டி (T) 23. ஒதேமாச்சி டி 9, நிஷி-கசாய் டி 16, உராயாசு டி 18. உங்கள் வீடு, அலுவலகம் இரண்டின் எண்ணையும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுங்கள். எண் குறைந்துகொண்டே போனால் டோக்கியோ நடுப்பகுதியை நோக்கிப் போகிறீர்கள் என்று பொருள்.

எண் இன்னொரு குழப்பத்திலிருந்தும் காப்பாற்றும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஃபுனாபாஷி என்ற பெயரில் ஒரு கூட்டமே இருக்கிறது: வெறும் ஃபுனாபாஷி, ஹிகாஷி-ஃபுனாபாஷி, மினாமி-ஃபுனாபாஷி, ஷின்-ஃபுனாபாஷி, கெய்செய்-ஃபுனாபாஷி, ஃபுனாபாஷி-ஹோதென். நிஷி என்றால் மேற்கு, ஹிகாஷி கிழக்கு, மினாமி தெற்கு, ஷின் புதிய. இந்த நான்கு சொல்லும் ஜப்பான் முழுக்க உதவும். நண்பர் "ஃபுனாபாஷியில் சந்திக்கலாம்" என்று சொன்னால் எந்த ஃபுனாபாஷி என்று கட்டாயம் கேளுங்கள்.

கார்டு

சுயிகா அல்லது பாஸ்மோ, பணம் ஏற்றி வாயிலில் தொட்டுப் போகும் இந்த இரண்டு கார்டில் எது இருந்தாலும் போதும். மூன்று நிறுவனங்களும் இரண்டையும் ஏற்கும். பிளாஸ்டிக் கார்டுக்கு 500 யென் முன்பணம், திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். போனிலேயே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இது வேலை செய்யாது. அதற்குத் தேவையான ஃபெலிகா வசதி ஜப்பானில் விற்கும் மாடல்களில்தான் வருகிறது. ஐபோன் 8-க்குப் பிறகு வந்தவை எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும் வேலை செய்யும்.

குழந்தைகளுக்கு 6 வயது முதல் 11 வயது வரை, அதாவது தொடக்கப்பள்ளி முடியும் வரை, பாதிக் கட்டணம். பிள்ளைக்கான கார்டை வயதுச் சான்றோடு நிலைய அலுவலகத்தில் வாங்க வேண்டும். பாஸ்போர்ட் காட்டலாம். பள்ளியில் சேராத சின்னப் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு இரண்டு பேர் வரை இலவசம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே தெய்கி என்ற சீசன் டிக்கெட் உண்டு. 1, 3, 6 மாதக் கணக்கில் கிடைக்கும். பெரும்பாலான அலுவலகங்கள் இந்தப் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் எந்த வழியாகப் போவீர்கள் என்று எழுதித்தான் வாங்க வேண்டும், அந்த வழிக்கு மட்டும்தான் செல்லும். தோசாய் வழியில் சீசன் எடுத்துவிட்டு சோபுவில் போனால் முழுக் கட்டணமும் கார்டில் கழியும். அதே சமயம், சீசன் எடுத்த வழியில் நடுவே உள்ள எந்த நிலையத்திலும் இறங்கலாம், ஏறலாம், காசு இல்லை. மனைவியோ கணவனோ உங்கள் சீசனைப் பயன்படுத்த முடியாது, அதில் உங்கள் பெயர் இருக்கும்.

அப்புறம், நிலையத்துக்குள்ளேயே இருக்கும் அந்த இரண்டாவது வாயில். ஜேஆர் பகுதிக்கும் மெட்ரோ பகுதிக்கும் நடுவே ஒரு வாயில் வரிசை இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டோமே, இது எதற்கு என்று தோன்றும். யாருடைய தண்டவாளத்தில் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதைக் கணக்கிட அந்த வாயில்தான் வழி. ஒருமுறை தொட்டுவிட்டுப் போங்கள். முதல் நிறுவனத்தின் கட்டணம் அங்கே முடிந்து, அடுத்ததன் கணக்கு தொடங்கும். நிறுவனம் மாறும்போதெல்லாம் குறைந்தபட்சக் கட்டணம் மறுபடி சேரும் என்பதால், தூரம் குறைவு என்று பார்க்காமல் ஒரே நிறுவனத்தில் போகும் வழியைத் தேடினால் பணம் மிச்சமாகும். மெட்ரோவிலிருந்து தோயோ ரேபிட்டுக்கு மாறும்போது இப்படி வாயில் எதுவும் இல்லை.

எந்த வண்டி: இங்கேதான் நிதானம் வேண்டும்

மிதாகா என்று பலகையில் எழுதிய வண்டி சோபு நடைமேடையிலும் வரும், தோசாய் நடைமேடையிலும் வரும். நகானோவும் அப்படித்தான். இரண்டும் நகரத்தின் மேற்குப் பக்கம் போய் ஒரே தடத்தில் சேர்கின்றன, நடுவில் போகும் வழி முற்றிலும் வேறு. சோபு அகிஹபாரா, ஷின்ஜுகு வழியாகப் போகும், மஞ்சள் பட்டை போட்டிருக்கும். தோசாய் நிஹோம்பாஷி, ஒதேமாச்சி வழியாகப் போகும், வானநீலம். முடிவிடத்தின் பெயரைப் பார்த்து மட்டும் ஏறாதீர்கள், வண்டியின் நிறத்தையும் பாருங்கள்.

தோசாயில் ஏறுகிறீர்கள் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வண்டியின் வகை. சாதா வண்டி, காகுஎகி தெய்ஷா, எல்லா இடத்திலும் நிற்கும். காய்சொகு என்ற விரைவு வண்டி இங்கிருந்து புறப்பட்டால் அடுத்து உராயாசுவில்தான் நிற்கும், அதை விட்டால் தோயோச்சோ. அதன் பிறகு எல்லா நிலையத்திலும் நிற்கும். பராகி-நகாயாமா, மியோதென், கியோதொகு, மினாமி-கியோதொகு, கசாய், நிஷி-கசாய், மினாமி-சுனாமாச்சி ஏழும் அம்போ. இந்தியர்கள் அதிகம் வாழும் இடங்களில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில் இருக்கின்றன!

வார நாள் காலையில் இன்னொரு வகை வரும், த்சூகின் காய்சொகு. அலுவலக நேர விரைவு வண்டி. இதுவும் உராயாசு வரை நிற்காது, அதன் பிறகு கசாய், நிஷி-கசாய் உட்பட எல்லாவற்றிலும் நிற்கும். ஆக, காய்சொகு என்ற சொல் காதில் விழுந்தால் போதாது, அதன் முன்னால் த்சூகின் வந்ததா என்று கேட்க வேண்டும். தவறி ஏறிவிட்டால் பதற வேண்டாம். நிஷி-கசாய் போக வேண்டியவர் உராயாசுவிலேயே இறங்கி, பின்னால் வரும் சாதா வண்டியைப் பிடிக்கலாம். அதையும் தவறவிட்டால் தோயோச்சோவில் இறங்கி எதிர்ப்பக்கம் இரண்டு நிலையம் திரும்பி வரலாம். வாயிலை விட்டு வெளியே போகாதவரை கூடுதல் செலவு இல்லை.

சோபுவில் இதற்கு நேர் எதிரான ஒரு சங்கதி. சோபு விரைவு வண்டி என்று ஒன்று இருக்கிறது, நீலமும் கிரீமும் கலந்த பட்டையோடு பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும். அது நிஷி-ஃபுனாபாஷியில் நிற்கவே நிற்காது. இங்கே காத்திருந்து பயனில்லை. டோக்கியோ, ஷினாகாவா, யோகோஹாமா பக்கம் நேரடியாகப் போக அந்த வண்டி வேண்டுமென்றால், மஞ்சள் வண்டியில் கிழக்கே ஒரே ஒரு நிலையம் போய் ஃபுனாபாஷியில் மாறுங்கள். நரிதா விமான நிலையத்துக்கும் அப்படித்தான்: ஃபுனாபாஷியில் விமான நிலையம் வரை போகும் சோபு விரைவு வண்டி கிடைக்கும். இல்லையென்றால் அங்கிருந்து கெய்செய்-ஃபுனாபாஷிக்கு நடந்துபோய் கெய்செய் என்ற வேறொரு நிறுவனத்தின் வண்டி பிடிக்கலாம். கெய்செய் வண்டிகள்தான் அடிக்கடி. கெய்செய் நிஷிஃபுனா என்ற சின்ன நிலையமும் வடக்கு வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே சாதா வண்டி மட்டும்தான் நிற்கும்.

முசாஷினோ வண்டிகள் ஆரஞ்சு நிறம். வடக்கே சாய்தாமா மாகாணத்தைச் சுற்றிக்கொண்டு ஃபுச்சூ-ஹொன்மாச்சி வரை போகும். தெற்கே வரும்போது சில வண்டிகள் டோக்கியோவுக்கும் சில மினாமி-ஃபுனாபாஷிக்கும் பிரிந்து போகும். டிஸ்னிலாண்டுக்கு மைஹாமாவில் இறங்க வேண்டும், எனவே டோக்கியோ போகும் வண்டி. லாலாபோர்ட் கடைவளாகத்துக்கும் ஐகியாவுக்கும் மினாமி-ஃபுனாபாஷி வண்டி. இரண்டும் ஒரே பகுதியிலிருந்துதான் புறப்படும், அவசரத்தில் மாற்றி ஏறுகிறவர்கள் உண்டு. இன்னொன்று: முசாஷினோ வண்டிகளுக்கு 8 பெட்டிகள்தான், சோபுவும் தோசாயும் 10. நடைமேடையின் கோடியில் போய் நின்றுகொண்டிருந்தால் வண்டி உங்களைத் தாண்டி நிற்கும், அல்லது உங்கள் வரைக்கும் வராது. தரையில் உள்ள கதவு அடையாளத்தைப் பார்த்து நில்லுங்கள்.

டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் பிடிக்க வேண்டும் என்றால், பெயர் பொருந்துகிறதே என்று இந்த டோக்கியோ வண்டியில் ஏற வேண்டாம். அது போய் நிற்கும் கெய்யோ நடைமேடை டோக்கியோ நிலையத்தின் மற்ற பகுதிகளிலிருந்து வெகுதூரம் தள்ளி, நிலத்தடியில் இருக்கிறது. பெட்டியோடு பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஃபுனாபாஷியில் மாறி சோபு விரைவு வண்டியில் போவது நல்லது. மூட்டை குறைவாக இருந்தால் தோசாயில் ஒதேமாச்சி போய் நடக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முசாஷினோவில் திடீர்க் கூட்டம் கண்டால் மிரள வேண்டாம். அடுத்த நிலையமான ஃபுனாபாஷி-ஹோதெனில் நகாயாமா குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அரிமா கினென் பந்தயம் நடக்கும் நாளில் குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

தோயோ ரேபிட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோயோ-கத்சுதாதாய் வரை 16.2 கி.மீ., கட்டணம் 600 யென்னுக்கு மேல். கட்டிய கடன் பெரியது என்பதால் டிக்கெட் விலை அதிகம். ஆனால் ஒன்று முக்கியம்: டோக்கியோவிலிருந்து வரும் தோசாய் வண்டிகள் சில அப்படியே இந்தத் தடத்துக்குள் போகும். இன்னும் சில, வார நாள் காலையிலும் மாலையிலும், சோபு தடத்துக்குள் நுழைந்து சுதானுமா வரை போகும். அசதியில் தூங்கிவிட்டால் வேறொரு நிறுவனத்தின் கட்டணத்தில் கண்விழிப்பீர்கள்.

காலை நெரிசல்

2019 நிதியாண்டில் தோசாய் தடத்தில் கிபா–மொன்சென்-நகாச்சோ இடையே காலை உச்ச நேர நெரிசல் 199 சதவீதம். டோக்கியோவிலேயே முன்னணியில் இருந்தது. 100 சதவீதம் என்றால் எல்லாருக்கும் இருக்கையோ, பிடிக்கக் கைப்பிடியோ, கதவோரக் கம்பியோ கிடைக்கும் நிலை. 200 சதவீதத்தில் உடம்போடு உடம்பு அழுந்தும். கொரோனாவுக்குப் பிறகு அந்த அளவு இல்லை, என்றாலும் 7:50 முதல் 8:50 வரை அந்தப் பகுதியைக் கடப்பது எளிதல்ல.

நிஷி-ஃபுனாபாஷியில் குடியிருப்பவர்களுக்கு இங்கே ஒரு பெரிய அனுகூலம் உண்டு. பல தோசாய் வண்டிகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. ஷிஹாத்சு என்பார்கள். தொலைவிலிருந்து நிறைந்து வரும் வண்டியை விட்டுவிட்டு, இங்கே தொடங்கும் வண்டிக்கான வரிசையில் முன்னால் நின்றால் உட்கார்ந்தே போகலாம். அவசரமில்லாத காலைகளில் இதைத்தான் நான் செய்கிறேன், பத்து நிமிடம் தாமதமானாலும் நாள் முழுவதற்கும் தெம்பு மிஞ்சுகிறது. சாதா வண்டிகளில் விரைவு வண்டியைவிடக் கூட்டம் குறைவு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

காலை வேளையில் பெண்களுக்கான பெட்டி உண்டு. நடைமேடைத் தரையிலும் ஜன்னலிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதியிருக்கும். நேரம் முடிந்தால் எல்லாரும் ஏறலாம். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், போனில் பேசாதீர்கள், இறங்குகிறவர்கள் இறங்கும் வரை கதவின் இரு பக்கமும் ஒதுங்கி நில்லுங்கள். கதவருகே நிற்பவர் நடு நிலையங்களில் கீழே இறங்கி வழிவிட்டு மறுபடி ஏறுவது இங்கே வழக்கம். நீங்களும் அப்படிச் செய்தால் யாரும் முன்னால் புகுந்து உங்கள் இடத்தைப் பிடிக்க மாட்டார்கள்.

காற்று அடித்தால், வண்டி நின்றால்

தோசாய் சுரங்க ரயில்தான், ஆனால் மினாமி-சுனாமாச்சிக்குக் கிழக்கே சுமார் 14 கி.மீ. முழுக்க வெளியேதான் ஓடுகிறது. நடுவில் அரகாவா ஆற்றின் மேல் நீண்ட பாலம். 1978 பிப்ரவரி 28 அன்று அந்தப் பாலத்தின் மேல் ஓடிய வண்டியைச் சூறாவளி கவிழ்த்தது. பலத்த காற்று வீசும் நாட்களில் வேகத்தைக் குறைப்பதையும் வண்டியை நிறுத்துவதையும் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடலோரம் போகும் கெய்யோவும், பாலத்தின் மேல் போகும் முசாஷினோவும் காற்றுக்கு இன்னும் எளிதில் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின இரவே அறிவிப்புப் பாருங்கள்.

இப்படி நிற்கும்போது ஃபுரிகாயே என்ற ஏற்பாடு தொடங்கும். நின்றுபோன தடத்துக்குப் பதிலாக இன்னொரு நிறுவனத்தின் வண்டியில் கூடுதல் காசில்லாமல் போகலாம். தோசாய் நின்றால் சோபு, சோபு நின்றால் தோசாய். ஆனால் இது சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும், முன்பே காகித டிக்கெட் வாங்கியவர்களுக்கும் மட்டும். கார்டில் உள்ள பணத்தில் பயணம் செய்கிறவர்களுக்கு இல்லை. சீசன் இருந்தால், வாயிலில் கார்டைத் தொடாமல், ஊழியர் நிற்கும் பக்கம் போய் அதைக் காட்டிச் செல்ல வேண்டும். தொட்டுவிட்டால் கட்டணம் கழிந்துவிடும்.

அலுவலகத்துக்குத் தாமதமானால் சியென் ஷோமெய்ஷோ, தாமதச் சான்று, கேளுங்கள். வாயிலருகே சின்னச் சீட்டாகக் கொடுப்பார்கள், நிறுவனத்தின் இணையதளத்திலும் எடுக்கலாம். வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்வதைவிட இந்தச் சீட்டுக்கு இங்குள்ள மேலாளர்களிடம் மதிப்பு அதிகம்.

இரவிலும் பொருள் தொலைந்தாலும்

கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். 2021 மார்ச் முதல் ஜேஆர் கடைசி வண்டிகளின் நேரத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டது, பழைய நேர அட்டவணையை நம்பாதீர்கள். தோசாயில் மியோதென்னோடோ தோயோச்சோவோடோ நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. பின்னிரவில் வண்டியின் முடிவிடத்தைப் பார்த்த பிறகே ஏறுங்கள். அதற்குப் பிறகு டாக்ஸிதான், விலை கனமானது.

குடை, பை, பிள்ளையின் தொப்பி எதையாவது வண்டியில் விட்டுவிட்டால் வசுரெமோனோ என்று சொல்லுங்கள். மறந்துவைத்த பொருள் என்று பொருள். எந்த நிறுவனத்தின் வண்டியில் விட்டீர்களோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும், ஜேஆர் ஊழியரிடம் மெட்ரோ வண்டியைப் பற்றி விசாரித்தால் அந்தப் பக்கம் அனுப்புவார். எந்த நேரத்து வண்டி, எங்கே போகும் வண்டி, முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி என்று சொல்ல முடிந்தால் தேடுவது எளிது. பெட்டி எண் கதவருகே எழுதியிருக்கும். இறங்கும்போது அதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் எங்கள் வீட்டில் இரண்டு குடைகளும் ஒரு பள்ளிப்பையும் திரும்பக் கிடைத்திருக்கின்றன.